சிப்பாய் காவல் காத்த நாற்காலி

வஜீஹா வரைந்தது எதுவும் ஒரு சலவைக்கு மேல் தங்கியதில்லை. அவள் தொழில் அப்படி. கல்யாணப் பெண்ணின் போர்வைக்கும், மேசை விரிப்புக்கும், தலையணை உறைக்கும் நாணல் பேனாவால் துணியில் கொடியும் பூவும் போட்டுக் கொடுப்பாள். அந்தக் கோட்டின் மேலேயே பெண்கள் பட்டு நூலால் தைத்துக்கொண்டு போவார்கள். தைத்து முடித்து ஒரு தடவை தண்ணீரில் அலசினால் மை போய்விடும், தையல் நிற்கும். விளக்குக் கரியில் பிசினை அளவாகக் கலந்து, அலசினால் அடையாளம் இல்லாமல் போகிற மாதிரி மை காய்ச்சுவதில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. கறை தங்கிவிட்டால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்கள். ஆகவே கல்யாணமான நாளிலிருந்து அவள் கை போட்ட கோடெல்லாம் டமாஸ்கஸ் நகரத்துச் சாக்கடை வழியாகப் பரதா ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

போர்வைக் கொடியில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. விளிம்பு முழுக்க இலையும் சுருளுமாக ஓட்டிவிட்டு, கடைசி மூலையில் ஓர் இலையைப் பாதியிலேயே விட்டுவிடுவாள். "மிச்சத்த உன் வீட்ல போய் நீயே தெச்சுக்கோ" என்பாள் பெண்ணிடம். கண்ணேறு படாமல் இருக்கத்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டது. புகுந்த வீட்டில் நாலு பேருக்கு ஊழியம் செய்வதற்கு முன்னால் பெண் தனக்காக ஒரு தையல் போடட்டும் என்பது அவள் கணக்கு. எங்கள் ஷாகூர்ப் பேட்டையில் பாதிப் பேர் அந்தக் கொடிக்கு அடியில்தான் பிறந்தார்கள். மிச்சப் பாதி ஏழைகள். அவர்களுக்குப் போர்வையில் கொடி போடக் கொடுத்து வைக்கவில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் பெண்கள் குளியல் கூடத்துக்குப் போனால், தாய் உடம்பு தேய்த்து முடிப்பதற்குள் இவள் ஆவி படிந்த சுவரில் விரலால், அங்கே பதித்திருந்த ஓடுகளின் பூக்களைக் காப்பி அடித்துக்கொண்டிருப்பாள். அங்கே நிர்வாணமாக உட்கார்ந்திருந்த பெரிய மனுஷிகளையும் ஒருநாள் வரைந்துவைத்தாள். சாயல் அச்சாக இருந்ததால் அடி விழுந்தது. அதற்குப் பிறகு மனிதர்களை வரைவதை விட்டுவிட்டாள். அந்த அடிக்காக ஊரே பின்னால் வருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அவள் புருஷன் அனீஸ், மித்ஹத் பாஷா கடைத்தெருவில் நூல், ஊசி, பொத்தான் வியாபாரம். ஒரே மகன் லுத்ஃபி பெய்ரூத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இருந்தாலும் எங்கள் வழக்கப்படி அவர் அபூ லுத்ஃபி, இவள் உம் லுத்ஃபி. லுத்ஃபியின் அப்பா, அம்மா. அபூ லுத்ஃபி தங்கமான மனுஷர், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். கடையில் அவர் உட்காரும் குட்டை நாற்காலியின் ஒரு கால் விரிந்துபோனபோது தச்சனிடம் போகவில்லை. விலைபோகாத ஒரு நூல்கண்டை எடுத்து அந்தக் காலில் வரிவரியாகச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். "அபூ லுத்ஃபி நாற்காலிக்குக் கால் முறிஞ்சுபோச்சாம்" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார்கள். அவர் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் நாற்காலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொழுகைக்கோ காப்பிக்கோ எழுந்து போகிறவர் கடையைப் பூட்டுவதில்லை. வாசலின் குறுக்கே நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். கடைக்காரர் இல்லை என்று அர்த்தம். அதைத் தாண்டி ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். நகைக்கடையானாலும் சரி, கடலைக்கடையானாலும் சரி, வயிறு ஒட்டிய பிச்சைக்காரன்கூடக் கையை நீட்ட மாட்டான். திருடனுக்கும் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நாற்காலி இல்லாத கடையில்தான் திருடுவான்.

முப்பத்தாறாம் வருஷம் குளிர்காலத்தில், அப்போது எங்களை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊர் கடையை அடைத்தது. இறைச்சிக் கடை, பட்டுக் கடை, ட்ராம், பள்ளிக்கூடம் எல்லாம் நின்றுபோயின. ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கி வெடித்தது. தினம் ஒரு ஜனாஸா தூக்கினார்கள், ஒவ்வொரு சவ ஊர்வலமும் இன்னொரு போராட்ட ஊர்வலம். பேட்டைக்குப் பேட்டை ஒரு கமிட்டி அமைத்து, இல்லாத வீட்டுக்கு ரொட்டியும் பருப்பும் கொடுத்தது. எங்கள் தெருவில் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டவள் ஹுஸ்னிய்யா. வாய் நீளம், கை அதைவிட நீளம். அவள் கூடையோடு தெருவில் இறங்கினால் ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

கடையடைப்பு முறியவில்லை என்றதும் ஒருநாள் காலையில் சிப்பாய்கள் கடப்பாரையோடு மித்ஹத் பாஷா தெருவுக்கு வந்து கதவுகளை உடைத்தார்கள். கடைக்காரர்கள் யாரும் வீட்டைவிட்டு அசையவில்லை. அபூ லுத்ஃபி மட்டும் போனார். பொத்தான் பெட்டிகளை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தவர், மனசு கேட்கவில்லை. போன இடத்தில் ஒரு சிப்பாய் அவரைப் பிடரியில் கை வைத்து உள்ளே தள்ளி, "உட்கார்" என்று துப்பாக்கியைக் காட்டினான். உட்கார்ந்தார். சிப்பாய் தன் கோட்டில் அறுந்துபோனதற்குப் பதிலாக ஒரு பித்தளைப் பொத்தானைப் பெட்டியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, ஐந்து கிர்ஷ் நாணயத்தை விட்டெறிந்தான். அது வாசற்படியில் போய் விழுந்தது. தெருமுனையில் யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள்.

சிப்பாய்கள் அடுத்த கடைக்கு நகர்ந்ததும் அபூ லுத்ஃபி நாற்காலியை வாசலின் குறுக்கே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். நாணயத்தைத் தொடவில்லை. ஆனால் அவர் வருவதற்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஊரே அடைத்துக் கிடக்கும்போது அனீஸ் கடை திறந்தான். சிப்பாய்க்குப் பொத்தான் விற்றான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வஜீஹாவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. கதவு தட்டும் வளையத்தில் யாரோ நூலில் ஒரு பொத்தானைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அறுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாளும். ஹுஸ்னிய்யாவின் கூடை இவர்கள் வாசலைத் தாண்டிப் போனது. ரொட்டி இல்லாமல் இவர்கள் சாகப் போவதில்லை, ஜாடியில் ஆலிவும் சாக்கில் கோதுமையும் இருந்தன. தாண்டிப் போனதுதான் வலித்தது. சலாம் சொன்னால் பதில் இல்லை. எங்கள் ஊரில் சலாமுக்குப் பதில் சொல்லாமல் விடுவது செத்தவனுக்குக்கூடச் செய்யாத காரியம்.

அபூ லுத்ஃபி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"எந்திரிங்க. பள்ளிவாசலுக்குப் போய் நடந்தத நாலு பேர்கிட்ட சொல்லுங்க" என்றாள் வஜீஹா.

"யாரு கேட்டா? கேக்காதவன்கிட்ட போயி நான் விக்கல, நான் விக்கலன்னு சொன்னா என்ன நெனப்பான்? வித்தான்னுதான் நெனப்பான்."

"அந்தக் காசு எங்க?"

"படியில கெடக்கும். இல்ல, எவனாவது எடுத்திருப்பான். உம் லுத்ஃபி, அம்பது வருஷம் ஒரு பய என்னைப் பாத்து விரல் நீட்டுனதில்ல. கஞ்சன்னாங்க. சரி, கஞ்சன்தான். இது வேற."

அவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து கறுப்பு மேலங்கியைப் போர்த்தி, முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, தானே போய்ப் பார்ப்பது என்று கிளம்பினாள்.

கடைத்தெரு முழுக்கக் கதவுகள் பிளந்து கிடந்தன. உள்ளே பட்டும் செருப்பும் சர்க்கரையும் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு சாமான் குறையவில்லை. அபூ லுத்ஃபியின் கடை வாசலில் அந்த நொண்டி நாற்காலி கிடந்தது, நூல் சுற்றிய காலோடு. அதன் முன்னால் படியில் ஐந்து கிர்ஷ் நாணயம், விழுந்த இடத்திலேயே. பக்கத்தில் ஒரு சிப்பாய், துப்பாக்கியில் கத்தியைச் செருகிக்கொண்டு, விறைப்பாக நின்றிருந்தான். கடையைத் திறந்து வைத்திருக்க அவனைக் காவல் போட்டிருந்தார்கள். திறந்த கடையில் ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லை, காசை எடுக்கவும் ஆள் இல்லை. ஒரு சாம்ராஜ்யமே வந்து ஓர் ஒடிந்த நாற்காலிக்குக் காவல் நிற்கிறது. வஜீஹாவுக்கு முகத்திரைக்கு உள்ளே சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது சிரிப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, கணப்புச் சட்டி ஓரமாக உட்கார்ந்து, தலையணை உறைக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியை மடியில் விரித்தாள். குளியல் கூடத்து அடிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மனிதனை வரைந்தாள். சிப்பாயின் கழுத்து, அந்த விறைப்பு, தூக்கம் தட்டும் கண்கள், அவன் கோட்டில் மற்றப் பொத்தான்களோடு ஒட்டாத ஒரு புதுப் பொத்தான். அப்புறம் நாற்காலி, அதன் கட்டுப் போட்ட கால், காலடியில் காசு. கடையின் உள்ளே இருட்டு. அங்கே தொங்கிய திரையின் விளிம்பு வெறுமையாக இருந்ததால் கை தானாக ஒரு கொடியை ஓட்டிவிட்டது. எழுத்துத் தெரியாதவள், படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. தேவையாகவும் இல்லை.

துணியை எடுத்துக்கொண்டு நேராக ஹுஸ்னிய்யாவின் வீட்டுக்குப் போனாள். சலாம் சொல்லவில்லை. முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் மடியில் துணியைப் போட்டாள்.

ஹுஸ்னிய்யா பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள்.

"காசு அங்கயேவா கெடக்கு?"

"உனக்குக் கால் இருக்கு. போய்ப் பாரு."

"நாற்காலிய யாரு போட்டது?"

"கடைக்காரர்தான் போடுவாரு, ஊர்ப்பயலா போடுவான்? காசு வேணும்னா எடுத்துட்டு வந்திருக்க மாட்டாரா? காலுக்கு ஆணி வாங்காத மனுஷன்டி அவரு. அஞ்சு கிர்ஷக் கண்ணால பாத்துட்டு அப்படியே விட்டுட்டு வந்திருக்காரு. இந்த ஊர்ல அதவிடப் பெரிய தியாகம் யாரு பண்ணிருக்கா?"

ஹுஸ்னிய்யா சிரிக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். துணியைக் கேட்டாள். அவள் தம்பி ஷகீப் மிட்டாய்ப் பெட்டிகளுக்குக் கல் அச்சில் சீட்டு அடிக்கிறவன். பத்திரிகைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் மூடியபிறகு கமிட்டியின் துண்டுக் காகிதங்களை நிலவறையில் அவன்தான் அடித்துக்கொண்டிருந்தான். துணியை மேலங்கிக்கு உள்ளே இடுப்பில் சுற்றிக்கொண்டு போனாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

மாலையில் நனைந்த கோழியாகத் திரும்பி வந்து துணியை வஜீஹாவின் முன்னால் விரித்தாள். சிப்பாயும் இல்லை, நாற்காலியும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் இருந்தது.

"என்னடி மை இது? தண்ணியக் கண்டதும் செத்துப்போகுது."

வஜீஹா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க அலசினால் போகிற மையையே காய்ச்சியவள் இதற்கும் அதையே தொட்டிருந்தாள். வேறு மை உலகத்தில் இருப்பதே ஞாபகம் வரவில்லை. "அது போகணும்னுதான்டி காய்ச்சுறது" என்றாள்.

"இது போகக் கூடாது. இந்தா, ஷகீப் குடுத்தான்." ஹுஸ்னிய்யா ஒரு குப்பியையும் வழவழப்பான தாளையும் வைத்தாள். "சோப்பும் மெழுகும் கரியும் போட்டதாம். தாள்ல போட்டா கல்லுல ஒட்டுமாம், கல்லுல ஒட்டினா ஆயிரம் தாள்ல ஏறுமாம். திருத்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. யோசிச்சுப் போடு. பிடிச்சா உன்னைத்தான் பிடிப்பாங்க."

வஜீஹா நாணலை அந்த மையில் தோய்த்து, தாளில் வைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போட்டால் தங்கிவிடும் என்பதே அவளுக்குப் புதுப் பயம். அடுத்த அறையிலிருந்து புருஷன் பெருமூச்சு விடுவது கேட்டது. முதல் கோட்டைப் போட்டாள். முதல் படத்தில் சிப்பாயின் மேல் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. இரண்டாவதிலும் அதை அப்படியே வைத்தாள், ஆனால் காசைப் பெரிதாகப் போட்டாள். திரையின் விளிம்பில் மறுபடியும் கொடி ஓடியது. மூலையில் ஓர் இலை பாதியில் நின்றது. தான் அப்படி விட்டதை அவளே கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. விடிந்தபோது ஊர்ச் சுவரெல்லாம் அந்தப் படம்தான். குளியல் கூடத்து வாசல், ரொட்டி அடுப்படி, பள்ளிவாசல் ஒட்டுச் சுவர், பிரெஞ்சுக்காரர்களின் தபாலாபீஸ் கதவிலும் ஒன்று. ஜனங்கள் பார்த்தார்கள், நாற்காலியின் காலைப் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் காலைத் தெரியாதவர் கடைத்தெருவில் யார்? பிறகு ஒவ்வொருவராக நைசாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். காசு கிடந்தது. சிப்பாயும் நின்றிருந்தான், படத்தில் இருந்த மாதிரியே. ஏன் தன்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று அந்தப் பாவப்பட்டவனுக்குப் புரியவில்லை.

அன்று ஜும்ஆ தொழுகைக்கு வஜீஹா புருஷனைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். பள்ளிவாசலில் வரிசை நிரம்பியிருந்தது. கடைத்தெருத் தலைவர் ஹாஜி ஸஃப்வத் முதல் வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்து, தோளை ஒடுக்கி நகர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார். அபூ லுத்ஃபி போய் அந்த இடத்தில் நின்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கதவு வளையத்தில் பொத்தான் இல்லை. கடைத்தெருவிலோ பிளந்து கிடந்த ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு நாற்காலி வந்து குந்திக்கொண்டது. கடைக்காரர்கள் வீட்டு நாற்காலியைச் சுமந்துகொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். நாற்காலி இல்லாதவர் முக்காலி போட்டார். சிப்பாய்கள் அவற்றைத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள். விடிந்தால் மறுபடி வாசலில் இருந்தன. கதவை உடைத்துத் திறந்தவர்களால் திறந்த கடையைக் கடையாக்க முடியவில்லை. அதுதான் எங்கள் ஊர்.

காப்பிக்கடைகளும் அடைத்திருந்ததால் ஆம்பிளைகள் வீட்டு முற்றங்களில் கூடிப் படத்தைப் போட்டவனைத் தேடினார்கள். அலெப்போக்காரன் என்றார் ஒருவர். பாரிஸில் படித்துவிட்டு வந்த பையன் என்றார் இன்னொருவர். தன் மைத்துனனுக்கு அவனை நேரில் தெரியும் என்று சத்தியம் செய்தார் ஒரு செருப்புக் கடைக்காரர். பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு கேட்டார்கள். படத்தின் திரையில் ஓடிய கொடியையும் பாதி இலையையும் பார்த்த மாத்திரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதே கொடியின் கீழே புருஷன் தினமும் குறட்டை விடுகிறான்; அவன் ஒருநாளாவது போர்வையைப் பார்த்திருந்தால்தானே? ஷாகூரில் ஒரு பெண்கூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் பெண்கள் வாயாடிகள் என்று சொல்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலையைப் பற்றி ஹுஸ்னிய்யா சொன்ன பிறகுதான் வஜீஹாவுக்கு உறைத்தது. கையைப் பார்த்தாள். ஷகீபின் மை நகக்கண்ணில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"குடு கைய" என்று ஹுஸ்னிய்யா ஒரு கிண்ணம் மருதாணியைக் குழைத்து, நகம் மூடி, விரல் மூடி, மணிக்கட்டு வரைக்கும் அப்பிவிட்டாள். மருதாணி காய்ந்து உதிர்ந்த அன்றே போலீஸ் வந்தது. நாற்காலி யாருடையது என்று ஊருக்கே தெரியும்போது போலீஸ் வேறு எந்த வீட்டுக்குப் போகும்?

வந்தவர் நாயிஃப்; உத்தியோகஸ்தர் என்பதால் மரியாதைக்கு நாயிஃப் எஃபெந்தி. பிரெஞ்சுக்காரர்களின் சம்பளம், நம் ஊர்க்காரர். முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு தாளையும் பென்சிலையும் அபூ லுத்ஃபியிடம் நீட்டினார்.

"ஒரு நாற்காலி வரைங்க, பாப்போம்."

அபூ லுத்ஃபி வியர்த்து விறுவிறுத்து வரைந்தார். நாயிஃப் எஃபெந்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, செத்த ஆடா?"

"நாற்காலிதான் எஃபெந்தி. இது கால்."

"அப்ப இது?"

"அதுவும் கால்தான்."

நாயிஃப் எஃபெந்தி பென்சிலைப் பையில் செருகிக்கொண்டார். தேநீர் கொண்டுவந்த வஜீஹாவின் கைகளில் அவர் கண் நின்றது.

"வீட்ல விசேஷமா? கையெல்லாம் செவந்திருக்கு."

"என் மகளுக்கு எடம் பாத்திருக்கோம்" என்றாள் பின்னாலேயே சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்த ஹுஸ்னிய்யா, கேட்காமலே.

"ஊரே அடச்சுக் கெடக்கு, இப்பவா?"

"பிரெஞ்சுக்காரன் மருதாணிக்கும் சட்டம் போட்டுட்டானா என்ன?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது கதவருகில் நின்று, வஜீஹாவை நேராகப் பார்க்காமல் சொன்னார்: "உம் லுத்ஃபி, எங்க வீட்டுக்காரி சலாம் சொல்லச் சொன்னா. எங்க கல்யாணப் போர்வைல அந்தக் கடைசி இலை தெக்காமலே கெடந்துச்சு. நேத்துதான் ஊசிய எடுத்தா. தெச்சுக்கிட்டே சொல்றா, 'நீங்க வாயத் தொறந்தா இந்தக் குளிருக்கு வேற போர்வை பாத்துக்கிடுங்க'ன்னு." தொப்பியைச் சரி செய்துகொண்டார். "எனக்குக் குளிர் ஆகாது."

வரைந்தவன் வெளியூர்க்காரன், தப்பிவிட்டான் என்று அவர் மேலே எழுதிவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. வஜீஹா அன்று சாயங்காலம் வரைக்கும் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பயம் இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியிருந்தது. அவள் கை போட்ட கோடு முதல் தடவையாகத் தங்கியிருக்கிறது, மழையில், சுவரில், சிப்பாய்கள் சுரண்டச் சுரண்ட. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுவது பாவமா என்று யோசித்தாள், இல்லை என்று தீர்மானித்தாள்.

மார்ச் மாதம் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். பேசுவதற்கு நம் ஆட்களைப் பாரிஸுக்கு அழைத்தார்கள், சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், சுவர்களில் ஒட்டினவர்களையும் வரைந்தவர்களையும் தேடுவது நின்றது. கடை திறக்கும் நாள் என்று ஊர் குறித்த நாளில் மித்ஹத் பாஷா தெருவில் கால் வைக்க இடமில்லை. ஹுஸ்னிய்யா வழியிலேயே வஜீஹாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொத்தானையெல்லாம் வெச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"எந்தப் பொத்தான?"

"கதவுல தொங்குனதுதான்டி. திருப்பிக் குடு. அத்தனையும் என் புள்ளைங்க சட்டைல அறுத்தது. குளிர்ல நெஞ்சத் தொறந்துபோட்டுட்டுத் திரியுதுங்க."

வஜீஹா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைக்கு வா. வெல போட்டுத் தரச் சொல்றேன்" என்றாள்.

கடை வாசலில் நாற்காலி கிடந்தது. எத்தனை தடவை எறியப்பட்டதோ, யார் யார் எடுத்து வைத்தார்களோ, நூல் கட்டு மட்டும் அவிழவில்லை. அதன் முன்னால் ஐந்து கிர்ஷ் நாணயம், சேறு படிந்து. அபூ லுத்ஃபி வந்ததும் கூட்டம் வழிவிட்டது. குறுக்கே கிடக்கும் நாற்காலியைக் கடைக்காரர்தான் எடுக்க வேண்டும். ஹாஜி ஸஃப்வத்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அபூ லுத்ஃபி முதலில் துடைப்பத்தை வாங்கி, நாணயத்தைச் சாக்கடைக்குள் தள்ளினார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த மனுஷர் காசைத் தள்ளுவதை ஊர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அனீஸ், நீதான் அந்தப் படத்தப் போட்டவன் கையில ஒரு முத்தம் குடுக்கணும்பா" என்றார் ஹாஜி ஸஃப்வத். "யாருன்னு உனக்காவது தெரியுமா?"

சொல்லக் கூடாது என்று அபூ லுத்ஃபிக்கு வீட்டில் உத்தரவு. நாற்காலியைத் தூக்கினார். தன் சட்டைக் கையால் இருக்கையைத் துடைத்தார். உள்ளே கொண்டுபோய், தான் வழக்கமாக உட்காரும் இடத்தில், தெருவைப் பார்க்கப் போட்டார். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் பெண்களோடு நின்ற தன் மனைவியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"உம் லுத்ஃபி. இங்க வந்து உக்காருங்க."

அவர் அவளை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான். எங்கள் கடைத்தெருவில் பெண்கள் நின்று வாங்கிப் போவார்கள். கடைக்காரரின் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வஜீஹா ஒரு கணம் தயங்கினாள். ஹுஸ்னிய்யா முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவள் படியேறிப் போய், மேலங்கியை ஒதுக்கிக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மருதாணி வெளுத்த விரல்களில், நகக்கண்ணில், கறுப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கைகளை மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹாஜி ஸஃப்வத் அந்தக் கைகளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். உள்ளே தொங்கிய திரையைப் பார்த்தார். அதன் விளிம்பில் கொடி எதுவும் இல்லை. படத்தின் திரையில் ஓடிய கொடி தன் வீட்டுப் போர்வையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நெஞ்சில் கை வைத்து, பெரிய மனுஷருக்குக் குனிவது போலக் குனிந்து, "ஸலாம் அலைக்கும், உம் லுத்ஃபி" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். பாரிஸ் பையனைத் தெரியும் என்று சத்தியம் செய்த செருப்புக் கடைக்காரரும் வந்தார், தரையைப் பார்த்துக்கொண்டே. வஜீஹா எல்லாருக்கும் பதில் சலாம் சொன்னாள், ஒருவரையும் விடாமல். நடுப்பகல் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.